நாலு நிமிஷம் நாற்பது விநாடி

ஃப்ரிஜ் ஓடும் சத்தம் எனக்கு எப்போதுமே பிடிக்காது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மமதா மேடம், நேற்று ஸ்டேஷனில் ஒரு கட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளி, "நிதானவாகி பரீரி சார், யாவ பாஷெ ஆதரூ சரி" என்றீர்கள். நிதானமாகத்தான் எழுதப் போகிறேன். எந்த மொழியானாலும் சரி என்றதால் தமிழில் எழுதுகிறேன். கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு; என் தாத்தாவும் அப்பாவும் மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர்கள். ஆனால் ஃபிராங்க்ளினும் நானும் பேசிக்கொண்டதெல்லாம் தமிழ். அவன் மகள் சிந்தியாவும் என்றாவது இதைப் படிக்க வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று பைபிள் வாசிக்கிற பெண் அவள். என் கையெழுத்து அவளுக்குச் சிரமமாக இருக்காது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. மார்ச் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை மத்தியானம், லிங்கராஜபுரத்தில் கரண்ட் போனதா?

போகவில்லை.

போனது என்று சிந்தியாவிடம் சொன்னவன் நான்தான். கரண்ட் போனது, ஃபிராங்க்ளினின் ஆக்ஸிஜன் மெஷின் நின்றது, உடனே சின்ன சிலிண்டரைத் திறந்தேன், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது பன்னிரண்டு நாள் தாங்கியது. மெஷினை வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் அதைத் திரும்ப எடுத்துப்போய், அது எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று பார்த்திருக்கிறார். இரண்டு ஐம்பத்திரண்டிலிருந்து மூன்று பத்தொன்பது வரை நின்றிருந்தது. மின்சார ஆபீஸிலோ அன்றைக்கு அந்தப் பக்கம் கரண்ட் நிற்கவே இல்லை என்கிறார்கள். இந்தக் காலத்து மெஷின்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எங்கள் காலத்து மெஷினுக்கு அது கிடையாது. பிளக்கைப் பிடுங்கினால் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

அந்த இருபத்தேழு நிமிஷத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆனால் எண்பத்தாறாம் வருஷத்தைச் சொல்லாமல் அதைச் சொன்னால் நீங்கள் என்னை ஒரு முட்டாள் என்று நினைப்பீர்கள். நான் முட்டாள் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் இருந்தவன். பக்கத்து மேஜை ஃபிராங்க்ளினுடையது.

எண்பத்தாறில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். பாதிப் பாதி. ஒரு வாரம் மல்லேஸ்வரத்தில் என் வீட்டில், அடுத்த வாரம் லிங்கராஜபுரத்தில் அவன் வீட்டில். ஞாயிறு சாயங்காலம் ஒரு சூட்கேஸில் துண்டு விரித்து, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வைத்து, ஸ்கூட்டரில் எடுத்துப் போவோம். ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுதான் இருக்கும். விசைகள் எல்லாம் ரப்பர். தட்டினால் அழிரப்பரை அமுக்குவது போல இருக்கும். அரை மணி ஓடினால் வலது மூலை சூடேறும். ஃபிராங்க்ளின் அந்த மூலையில் டீ டம்ளரை வைத்துச் சூடு ஆறாமல் குடிப்பான். திரை என்று தனியாகக் கிடையாது, வீட்டு டிவிதான். கம்ப்யூட்டர் போட்டால் வீட்டில் யாரும் சினிமா பார்க்க முடியாது. இரண்டு வீட்டிலும் எங்களுக்கு நல்ல பெயர் இல்லை.

புரோகிராம்களைச் சேமிப்பது பாட்டு கேட்கிற சாதாரண கேசட்டில். டேப் ரிக்கார்டரைக் கம்பியால் இணைத்து பிளேயை அழுத்தினால் காது கூசும்படி ஒரு கீச்சுச் சத்தம் வரும். டிவியின் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடும். அப்படி ஓடிக்கொண்டிருந்தால் புரோகிராம் கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பெரிய புரோகிராம் ஏற நாலு நிமிஷம் நாற்பது விநாடி ஆகும். சத்தத்தின் அளவு ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் கோமளத்தின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தோம். கோமளம் என் மனைவி. நடுவில் ஒரு பிசகு வந்தால், டேப் லோடிங் எரர் என்று ஒரு வரி வந்து நின்றுவிடும். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. டேப்பைச் சுற்றி, முதலிலிருந்து.

எங்களுக்குப் பெரிய சத்துரு ஃப்ரிஜ். நாலு நிமிஷமும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். கடைசி அரை நிமிஷத்தில் சமையலறையில் ஃப்ரிஜ் டிக்கென்று உயிர் பெறும், வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும், எல்லாம் போச்சு. ஆகவே ஒரு விதி போட்டேன். ஏற்றும்போது ஃப்ரிஜ்ஜை நிறுத்திவிட வேண்டும். மிக்ஸி கூடாது, காலிங் பெல் கூடாது, பேசக்கூடாது. யாருக்காவது ஏதாவது வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். பேசினால் டேப் ஏன் கெட வேண்டும் என்று கேட்பீர்கள். கெடாது. ஆனாலும் பேசமாட்டோம். ஃபிராங்க்ளின் கையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருப்பான். நான் வாயில் விரலை வைப்பேன். அவன் அடக்கிக்கொள்வான். முடிந்ததும் பாத்ரூமுக்கு ஓடுவான்.

ஏறி முடிந்துவிட்டால் பிறகு பயமில்லை. அப்புறம் ஃப்ரிஜ் ஓடினாலும் மிக்ஸி ஓடினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் திரையில் புரோகிராம் வந்தவுடன் எனக்கு உலகமே மறந்துவிடும், ஃப்ரிஜ் உட்பட. சமையலறையிலிருந்து கோமளம் குரல் கொடுப்பாள்.

"ஏன்னா, ஆச்சா? ஃப்ரிஜ்ஜைப் போடலாமா?"

ஒவ்வொரு தடவையும் கேட்பாள். கேட்காவிட்டால் பால் திரிந்துவிடும்.

இனி அந்தப் பெரிய புரோகிராம். அது ஒரு விளையாட்டு. சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து லிங்கராஜபுரத்துக்கு ஒரு சிவப்பு பஸ்ஸை ஓட்டிப் போக வேண்டும். வழியில் மாடு, பள்ளம், பிரேசர் டவுனில் ஒரு கல்யாண ஊர்வலம், பிறகு ரயில்வே கேட். படங்கள் எல்லாம் ஃபிராங்க்ளின். அவனுக்கு வரைகிற கை இருந்தது. எட்டுக்கு எட்டுப் புள்ளிக்குள் ஒரு மாட்டை அதன் சோம்பல் உட்பட வரைந்துவிடுவான். பஸ் எப்படி ஓடும், மாடு எப்போது எழுந்திருக்கும், கேட் எப்போது மூடும் என்ற கணக்கெல்லாம் நான். எட்டு மாதம் உழைத்தோம். ரயில்வே கேட் முழுக்க என் யோசனை. கேட் மூடிவிட்டால் ஒரு கூட்ஸ் வண்டி முழுசாகக் கடந்து போகிற வரை ஒன்றரை நிமிஷம் ஆட்டக்காரன் காத்திருக்க வேண்டும். எந்த விசையை அழுத்தினாலும் பிரயோஜனம் இல்லை. "இன்னாடா வைத்தி, இத எவன் ஆடுவான்? பேஜாரா இருக்குதே" என்றான் ஃபிராங்க்ளின். நிஜத்தில் அப்படித்தானே என்றேன். அந்த ஒன்றரை நிமிஷம்தான் பிறகு எல்லோருக்கும் பிடித்தது.

எண்பத்தெட்டில் டில்லியிலிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை போட்டி வைத்தது. கம்ப்யூட்டர் அவன் வீட்டில் இருந்த வாரம். முதல் திரையை அழகாக வரைந்து சேர்த்து அவனே அனுப்பிவிட்டான். முதல் பரிசு. பத்திரிகையில் அரைப் பக்கம் போட்டார்கள். பெங்களூர் ஃபிராங்க்ளின் உருவாக்கிய பஸ் விளையாட்டு. அவன் படம், அவன் பெயர், ரயில்வே கேட்டைப் பற்றி ஒரு பத்தி பாராட்டு. நான் எங்கேயும் இல்லை.

"ஃபாரம்ல ஒரு பேருக்குத்தான் எடம் இருந்துச்சு வைத்தி. ஆனா ஸ்க்ரீன்ல ஒன் பேரு இருக்குது. மொதல்ல ஒன் பேருதான். வந்து பாரு" என்றான்.

நான் போகவில்லை. இத்தனைக்கும் அரை மணி ஸ்கூட்டர் தூரம். பொய் சொல்கிறவன் வீட்டுக்கு எதற்குப் போக வேண்டும் என்று இருந்துவிட்டேன். கம்ப்யூட்டரை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினேன். வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். ஃபிராங்க்ளின் என் வேலையைத் திருடியவன் என்று கோமளத்திடம் சொன்னேன், என் பிள்ளை ரித்விக் வளர்ந்தபோது அவனிடம் சொன்னேன், கேன்டீனில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். ஃபிராங்க்ளினின் மனைவி செத்தபோது தகவல் வந்தது. போகவில்லை. ஒரு மனிதன் முப்பத்தாறு வருஷம் ஒரே கோபத்தை வைத்துக் காப்பாற்றுவது சுலபமில்லை, மேடம். தினமும் அதற்குத் தீனி போட வேண்டும்.

இரண்டு வருஷம் முன்பு கோமளம் போனாள். பத்தாம் நாளுக்குள் ஒரு பகலில் வாசலில் ஆட்டோ நின்றது. ஃபிராங்க்ளின், மூக்கில் குழாய், தோளில் ஒரு பையில் ஆக்ஸிஜன், பிடித்துக்கொள்ள சிந்தியா. நுரையீரல் காய்ந்துகொண்டே வருகிற வியாதி. மூன்று படி ஏறி வருவதற்குள் இரண்டு தடவை நின்றான். உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்துவிட்டு, "ஃப்ரிஜ்ஜப் போடலாமான்னு கேப்பாங்களே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான் அழுதேன். அவன் மனைவிக்கு நான் போகவில்லை என்பதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் அவன் வீட்டுக்குப் போவேன். மல்லேஸ்வரத்திலிருந்து இரண்டு பஸ். பழைய கதை பேசுவோம். அந்த ஒரு விஷயத்தை மட்டும் நானும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

ஜனவரியில் ஸ்ரீஹர்ஷா வந்து சேர்ந்தார். ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, பழைய கம்ப்யூட்டர்களைச் சேகரிப்பது பைத்தியம். ஏப்ரலில் பிரேசர் டவுனில் ஒரு கண்காட்சி வைப்பதாகவும், பழைய பத்திரிகையில் அந்த அரைப் பக்கத்தைப் பார்த்து ஃபிராங்க்ளினைத் தேடி வந்ததாகவும் சொன்னார். பரண்மேல் கிடந்த எங்கள் கம்ப்யூட்டரை எடுத்துப் போய், நைந்த விசைப்பலகையை மாற்றி ஓட வைத்துக் கொண்டுவந்தார். கேசட்தான் கிடைக்கவில்லை. மார்ச் முதல் வாரம் சிந்தியா கண்டுபிடித்தாள். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி கேசட்டுகளோடு ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. யாரும் மேலே பதிவு செய்யாதபடி மூலையில் இருக்கிற பிளாஸ்டிக் துண்டை ஃபிராங்க்ளின் அப்போதே உடைத்துவிட்டிருந்தான், அதனால் பிழைத்தது.

ஸ்ரீஹர்ஷா போனில் திட்டமாகச் சொன்னார். டேப் மிகப் பழசு, ஓடினால் காந்தப் பூச்சு உதிரும், யாரும் போட்டுப் பார்க்காதீர்கள், பதினாறாம் தேதி சனிக்கிழமை நான் வந்து முதலில் லாப்டாப்பில் பத்திரமாக எடுத்துவிடுகிறேன். ஃபிராங்க்ளின் அதை என்னிடமும் சொன்னான்.

அடுத்த வியாழன்தான் மார்ச் பதினான்கு.

காந்தா என்று ஒரு பெண் பகலில் ஃபிராங்க்ளினைப் பார்த்துக்கொள்கிறாள், உங்களுக்குத் தெரியும். இரண்டரை மணிக்குத் தன் வீட்டுக்குச் சாப்பிடப் போவாள். "சார் இருக்காரில்ல, மூணே காலுக்குள்ள வந்துர்றேன்" என்றாள். "அவசரமே வேண்டாம்மா, நாலு மணிக்கு வா" என்றேன். அவளை விசாரிக்கும்போது இதை மறந்துவிட வேண்டாம். அவள்மேல் குற்றமில்லை.

அவள் போன பிறகு, கேசட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"சனிக்கெழம அந்தத் தம்பி வரட்டும்டா."

"ஒரு தடவை. நாம ரெண்டு பேர் மட்டும்."

ஃபிராங்க்ளின் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"ஒன் பேரு இருக்குதான்னு பாக்கணும். அதானே? இத்தினி வருசம் கழிச்சாவது கேட்டியே. போடுடா."

சனிக்கிழமை நாலு பேர் முன்னால் அந்தத் திரை வருவதை நான் விரும்பவில்லை. என் பெயர் இல்லாவிட்டால் எனக்கு அவமானம். இருந்துவிட்டால் என்ன என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. முப்பத்தாறு வருஷம் யோசிக்காத ஒன்று அது.

இணைப்பெல்லாம் கொடுத்தேன். டேப் ரிக்கார்டரின் சிவப்புப் புள்ளி மங்கலாக இன்னும் இருந்தது. பிளேயை அழுத்தினேன். கீச்சுச் சத்தம் வந்தபோது என் கையில் மயிர் சிலிர்த்தது, ஃபிராங்க்ளினுக்குக் கண்ணில் தண்ணீர். ஆனால் ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சில விநாடிக்கு ஒரு தரம் தப்பென்று ஒரு அடி, பிறகு புஸ்ஸென்று ஒரு மூச்சு. ஒவ்வொரு அடிக்கும் டிவியில் ஒரு அலை ஓடியது. இரண்டாவது நிமிஷத்தில் ஏற்றம் நின்றுவிட்டது.

"இதுவும் ஃப்ரிஜ் மாதிரிதான்டா" என்றான் ஃபிராங்க்ளின். "நிறுத்து. அஞ்சு நிமிசம் சின்ன சிலிண்டர்ல ஓட்டிக்கிறேன்."

ஆகவே மெஷினை நிறுத்தச் சொன்னது அவன்தான். இது பதிவாக வேண்டும். குழாயைச் சின்ன சிலிண்டருக்கு மாற்றி அதைத் திறந்தேன். மணி இரண்டு ஐம்பத்திரண்டு. சிலிண்டரின் முள் சிவப்பில் இருந்தது. அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது தெரியாது. எனக்குத் தெரிந்தது. ஐந்து நிமிஷத்துக்குப் போதும் என்று நினைத்தேன்.

இரண்டாவது தடவை மூன்று நிமிஷம் போய் நின்றது. கேசட்டை எடுத்துப் பார்த்தால் ரிக்கார்டரின் முனையில் காப்பிப் பொடி மாதிரி பழுப்பாக அப்பியிருந்தது. டேப் உதிர்கிறது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பிளே பொத்தானுக்கு மேலே சின்னத் துவாரம் இருக்கும், அதற்குள் ஒரு திருகு. மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அதை ஒரு மயிரிழை திருப்பினால் மங்கிய சத்தம் கூர்மையாகும். அந்தக் காலத்தில் இதில் நான் கில்லாடி. கை இன்னும் மறக்கவில்லை. சத்தம் பளிச்சென்று வந்த இடத்தில் நிறுத்தினேன். நான் நிமிர்ந்தபோது சிலிண்டரின் ஓசை நின்றிருந்தது.

இந்த இடத்தில் மெஷினைப் போட்டிருக்கலாம். மூன்று மணி. ஃபிராங்க்ளினின் உதடு நிறம் மாறத் தொடங்கியிருந்தாலும் உட்கார்ந்துதான் இருந்தான். மெஷினைப் போட்டு, அவனுக்கு மூச்சு நிதானமாகி, மறுபடி நிறுத்துவதற்குள், நாலு மணிக்கு வா என்று நான் சொல்லியிருந்தாலும், காந்தா முன்பே வந்துவிடலாம். டேப் இன்னும் ஒரு தடவைக்குத்தான் தாங்கும். நாலு நிமிஷம் நாற்பது விநாடி. நான் பிளேயை அழுத்தினேன்.

இரண்டு நிமிஷம் வாக்கில் ஃபிராங்க்ளின் கையைத் தூக்கினான். பழைய வழக்கம். திரும்பிப் பார்த்தேன். கோடுகள் ஒரு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன, நீலம், மஞ்சள், நீலம், மஞ்சள். நான் வாயில் விரலை வைத்தேன். அவன் கையை இறக்கவில்லை. இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

கீச்சுச் சத்தம் நின்றது. திரை ஒரு கணம் வெறுமையாகி, பிறகு வந்தது.

சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்ட். சிவப்பு பஸ். கீழே இரண்டு வரி. முதல் வரியில் வைத்தீஸ்வரன். சுருக்காமல் முழுதாக எழுதியிருந்தான்; என் பெயரை யாரும் முழுதாக எழுதுவதில்லை. இரண்டாவது வரியில் ஃபிராங்க்ளின், கொஞ்சம் சின்ன எழுத்தில்.

அவன் சொன்னது அப்படியே. முதல் நாளிலிருந்து அவன் சொன்னது அப்படியே.

மேடம், ஏற்றம் முடிந்துவிட்டது. இனி எந்த மோட்டார் ஓடினாலும் அந்த புரோகிராமுக்கு ஒன்றும் ஆகாது, முன்பே எழுதியிருக்கிறேன். ஆக்ஸிஜன் மெஷினின் சுவிட்ச் என் வலது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஃபிராங்க்ளினின் கை இன்னும் மேலேதான் இருந்தது. அவன் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

மூச்சு திரும்பினால் அவன் முதலில் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். "பாத்தியா வைத்தி, சொன்னேனே." குத்தலாகச் சொல்லமாட்டான். அவனுக்குக் குத்தத் தெரியாது. சந்தோஷமாகச் சொல்வான், சிரிப்பான், சிந்தியா வந்ததும் அவளிடம் சொல்வான், சனிக்கிழமை ஸ்ரீஹர்ஷாவிடம் சொல்வான். நான் போகாத சாவு, நான் கேட்டு வாங்கிய மாற்றல், கேன்டீனில் நான் பேசின பேச்சு, கோமளம் அவனைத் திருடன் என்று நம்பியே செத்தது, எல்லாவற்றையும் அவன் அந்தச் சிரிப்பிலேயே மன்னித்துவிடுவான். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

நான் ஒரு விசையை அழுத்தினேன். பஸ் கிளம்பியது.

ஆட்டம் பதினொரு நிமிஷம். முதல் மாட்டில் கொஞ்சம் தடுமாறினேன், பிறகு கை வந்துவிட்டது. பள்ளங்களை எல்லாம் நன்றாகவே தாண்டினேன். கல்யாண ஊர்வலத்தில் ஃபிராங்க்ளின் ஒரு நாதஸ்வரக்காரரை வரைந்திருந்தான், அவர் கன்னம் உப்பி உப்பி அடங்கும். அதைப் பார்த்துச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதுவரை பக்கத்தில் ஏதோ சத்தம் இருந்தது. ஊர்வலம் தாண்டிய பிறகு இல்லை.

பிறகு ரயில்வே கேட். கூட்ஸ் வண்டி வந்தது. ஒன்றரை நிமிஷம். கைக்கு வேலை ஒன்றும் இல்லை. நான் பெட்டிகளை எண்ணினேன். நாற்பத்திரண்டு. நான் எழுதின கணக்கு சரியாக இருந்தது.

மூன்று பதினெட்டுக்கு பஸ் லிங்கராஜபுரம் வந்து சேர்ந்தது. அதன் பிறகு மெஷினைப் போட்டேன். குழாயைச் சரியாக மாற்றி வைத்தேன். கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன், திரை போய்விட்டது. எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துவிட்டு சிந்தியாவுக்குப் போன் செய்தேன். டாக்டர் வந்து பார்த்து, எதிர்பார்த்ததுதான் என்று எழுதிக் கொடுத்தார். "அங்கிள், கடைசி நேரத்துல நீங்களாவது கூட இருந்தீங்க" என்று சிந்தியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகு நேரம் விடவில்லை.

ஸ்ரீஹர்ஷா துக்கத்துக்கு வந்தபோது கேசட்டைக் கேட்டு வாங்கிப் போனார். டேப்பில் ஒன்றும் மிச்சமில்லை, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று பிறகு சொன்னாராம். கண்காட்சிக்கான அட்டையில் பத்திரிகையில் இருந்தபடியே ஃபிராங்க்ளின் பெயரை மட்டும் அச்சடித்திருக்கிறார். அது அப்படியே இருக்கட்டும். என் பெயர் அந்தத் திரையில் முதல் வரியில் இருந்தது என்று தெரிந்த ஆள் இப்போது உலகத்தில் நான் ஒருவன்தான். இதைப் படித்த பிறகு நீங்களும் சிந்தியாவும்.

என்னைப் பற்றி நீங்கள் தவறாக நினைக்கக்கூடாது என்பதற்காக ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஃபிராங்க்ளின் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. திரை வந்துவிட்டால் எனக்கு எல்லாம் மறந்துவிடும், அது என் சுபாவம், இதற்குச் சாட்சி சொல்லக் கோமளம் இல்லை. எங்கள் வீடாக இருந்தால் அவள் உள்ளேயிருந்து, ஆச்சா, போடலாமா என்று கேட்டிருப்பாள். அன்றைக்கு அந்த வீட்டில் அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை. ஃபிராங்க்ளின் கையைத்தான் தூக்கினான். வாயைத் திறந்து கேட்டிருந்தால் நான் போட்டிருப்பேன்.